நடுவில் நான்கு ஆண்டுகள்

கோவையை அடுத்த மதுக்கரையைத் தாண்டி எட்டிமடை, வாளையாறு வரை ரயில் பாதை காட்டுக்குள் நுழைந்து போகிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதற்கு முன்பும் அந்தப் பாதையில் யானைகள் செத்திருக்கின்றன. எந்த ஆண்டு, எந்த இடம், இரவா பகலா, இரு தண்டவாளப் பாதைகளில் ஏ லைனா பி லைனா என்ற விவரம் எல்லாமே வனத்துறையிடமும் யானைகள் மீது அக்கறை கொண்டவர்களிடமும் எழுத்தில் இருந்தது. உயர் நீதிமன்றம் கேட்டபோது எடுத்து வைக்க முடிந்தது. 2024 பிப்ரவரியில், 7 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, பாதை ஓரமாகப் பன்னிரண்டு கோபுரங்களை நிறுத்தி, இருட்டிலும் உடல் வெப்பத்தை வைத்து யானையைக் கண்டுகொள்ளும் கேமராக்களைப் பொருத்தினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கும்போதே கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து ரயில்வேக்குப் போகிறது. வண்டி வேகம் குறைகிறது.

மனமார வரவேற்க வேண்டிய வேலை இது. ஓர் உயிரைக் காப்பாற்றும் வழிமுறை முழுவதும் இதற்குள் இருக்கிறது. முதலில் யாரோ எண்ணினார்கள். எண்ணியதை எழுதி வைத்தார்கள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரத்தில் இருப்பவர்களை விடாமல் கேட்டார்கள். ஆய்வு, உரிமைக்கான வாதாடல் என்று நாம் பெரிய பெயர் சொல்லி அழைப்பவை அடிப்படையில் இந்த மூன்று காரியங்கள்தான்.

தன்பாத்–ஆலப்புழா விரைவு வண்டியும் இதே பாதையில்தான் ஓடுகிறது. மதுக்கரைக்கு வந்து சேருமுன், திருப்பூரிலும் கோவையிலும், ஜார்க்கண்ட் பக்கமிருந்தும் ஒடிசா பக்கமிருந்தும் வேலை தேடி வரும் கூட்டத்தை அது இறக்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில், கூட வந்த ஏஜெண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண் பிள்ளைகளும் உண்டு. மில் வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர் என்று பொதுவில் வைக்கப்பட்ட கணக்கு எதுவும் கிடையாது. நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-இல். அப்போது ஐந்து முதல் பதினான்கு வயதுக்குள் உழைத்துக்கொண்டிருந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடி பேர் என்று தெரியவந்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. 2011-இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று மில் வேலைக்கு ஆள் பிடிக்கிறவரின் கண்ணில் படும் வயதுக்கு வளர்ந்துவிட்டார்கள். அந்த வயதைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

*

குழந்தை என்றால் எத்தனை வயது வரை? ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டபோது, பதினெட்டு என்றது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. இணையும்போதே, குழந்தை உழைப்பு பற்றிய 32-ஆம் பிரிவை மட்டும் உடனே முழுமையாக நிறைவேற்ற இயலாது, படிப்படியாகத்தான் செய்ய முடியும் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துக் கொடுத்தது. போக்சோ சட்டத்துக்குப் பதினெட்டு. இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு. பெண்ணின் திருமணத்துக்குப் பதினெட்டு. கல்வி உரிமைச் சட்டத்துக்கு வந்தால் ஆறு முதல் பதினான்கு வரைதான். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்கில் நிற்கிறது. 2016-இல் அதைத் திருத்தியபோது, பதினான்குக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள்; அதிலேயே குடும்பத் தொழிலுக்கு விலக்கும் கொடுத்தார்கள். பதினான்கு முதல் பதினெட்டு வரையிலானவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரித்து, சுரங்கம், வெடிமருந்து, அபாயகரமானவை என்று பட்டியலிட்ட தொழில்முறைகள் தவிர மற்ற இடங்களில் வேலைக்குப் போகலாம் என்று அனுமதித்தார்கள்.

கட்டாயமாகப் படிக்க வைக்கும் பொறுப்பை அரசு பதினான்கில் இறக்கி வைக்கிறது. அதே பதினான்கில் தொழிற்சாலையின் கதவு சட்டப்படி திறக்கிறது. வாக்களிக்க, ஒப்பந்தத்தில் கையெழுத்திட, தன் திருமணத்துக்குத் தானே சம்மதம் சொல்ல இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி. இந்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு? கொங்கு நாட்டின் நூற்பாலைத் தொழில் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்த இடைவெளிக்குள் நின்றுதான் ஆள் எடுத்தது.

1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்தும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பெருகிய ஆலைகளிலிருந்தும் கோவை வளர்ந்தது. மில்லில் நிரந்தர வேலை என்பது இங்கே ஒரு குடும்பத்தின் கௌரவம். என்.ஜி. ராமசாமி போன்றவர்கள் தொழிற்சங்கம் கட்டினார்கள். 1946 ஜனவரி 8-இல் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் தூக்குமேடை ஏறினார்கள். எட்டு மணி நேரமும் போனஸும் பஞ்சப்படியும் அப்படி வந்தவை. 1990-களின் பிற்பகுதியில் காற்று திசை மாறியது. சங்கத்தில் சேர்ந்த நிரந்தரத் தொழிலாளி செலவு மிகுந்தவர் என்று முடிவு கட்டினார்கள். அவருடைய இடத்துக்குத் தேனி, திண்டுக்கல், நெல்லை, புதுக்கோட்டை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்து இளம் பெண்களைக் கொண்டுவந்து, மில் வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல் கட்டித் தங்க வைத்தார்கள்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் அது ஊர் ஊராகப் போயிற்று. சில இடங்களில் திருமாங்கல்யத் திட்டம். மூன்று வருடம் வேலை, மூன்று வேளைச் சோறு, கட்டுக்காவலான விடுதி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில். கல்யாணச் செலவுக்கு ஆயிற்று என்று ஏஜெண்டு சொன்னார். பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்கள். வட்டிக் கடன் ஒரு பக்கம், வயதுக்கு வந்த மகள் மறுபக்கம். அனுப்பி வைத்த தாய் தகப்பனைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அந்த வீடுகளைத் தெரியாது என்றுதான் பொருள்.

நூற்பாலைக்குள் இழை அறாமல் இருக்க வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறைய விடமாட்டார்கள். சைடர் வேலை என்பது ஷிப்டு முழுக்க மிஷின் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவது. டாஃபர் வேலை என்பது நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினைப் போடுவது. பஞ்சுத் தூசி மூக்கிலும் நெஞ்சிலும் போய்ப் படியும். பதினெட்டு நிரம்பாத பெண்ணிடம் காலை ஆறு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் வேலை வாங்கக் கூடாது என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அரை நைட்டும் ஃபுல் நைட்டும் ஓடிய மில்களில் பதினாறு வயதுப் பிள்ளைகள் நின்றார்கள். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. அந்த உடம்போடு, உடம்பு வளரும் வயதில், அத்தனை மணி நேரம் நின்றார்கள்.

மூன்று வருடத்தை முடிக்காமல் இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறினால் மொத்தப் பணமும் போயிற்று என்பதே பலருக்கு நேர்ந்தது. இதை நாம் ஒரு சமூகமாக முன்பே அறிந்திருக்க வேண்டும். விட்லி தலைமையிலான ஆணையம் 1931-இல் இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை தந்தபோது, பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையின் உழைப்பை அடமானம் பிடிக்கும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 1933-இல், பதினைந்து வயதுக்குக் கீழான பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் வந்தது. சுமங்கலித் திட்டம் அந்த அடமானத்தைத் தலைகீழாகச் செய்தது. பணத்தை முதலில் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பது பழைய முறை. கொடுக்க வேண்டிய கூலியையே பிடித்து வைத்து, அதைக் காட்டி ஆளையும் பிடித்து வைப்பது புதிய முறை.

*

இதெல்லாம் வெளியே தெரிந்தது எப்படி? மில் கேட்டுக்குள் யாரும் நுழைய முடியாது. ஹாஸ்டல் பிள்ளைகள் வார்டன் இல்லாமல் கடைத்தெருவுக்கும் வரமாட்டார்கள். திருப்பூரின் சேவ், சத்தியமங்கலத்தின் ரீட் போன்ற அமைப்புகளில் இருந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். வேலையை முடித்தோ விட்டுவிட்டோ ஊர் திரும்பிய பெண்களை அவரவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சந்தித்தார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். என்ன வயதில் போனாய், என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள், எத்தனை மணி நேரம், கையில் என்ன கிடைத்தது, யாரிடம் முறையிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். சுமங்கலித் திட்டத்துக்கு எதிரான இயக்கம் என்று பல அமைப்புகள் ஒன்றுகூடின.

இந்தத் தரவுகளோடு நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் அந்நாட்டிலேயே இயங்கிய இந்தியக் குழு என்ற அமைப்பும் சேர்ந்து 2011-இல் ‘கேப்சர்ட் பை காட்டன்’ என்ற அறிக்கையை வெளியிட்டன. 2014-இல் வந்த ‘ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்’ தமிழ்நாட்டின் ஐந்து நூற்பாலைகளைப் பற்றியது. அதில் பேசிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் பதினெட்டு நிரம்பாமலே வேலையில் சேர்ந்தவர்கள். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு ஆடைத் தொழிலாளிப் பெண்களிடம் பேசி, மாதவிடாய் வலிக்கு மேற்பார்வையாளர்கள் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை வெளிக்கொண்டு வந்தது. நம் வீட்டருகே விளைந்த துயரத்தை ஐரோப்பாவில் சட்டை வாங்குகிறவர் கேள்வி கேட்ட பிறகுதான் இங்கே அதிகாரிகள் அசைந்தார்கள் என்பது வருத்தமான உண்மை. அந்தக் கேள்வி எழக் காரணம், திண்ணையில் உட்கார்ந்து எழுதிய உள்ளூர்க்காரர்கள்.

இதே தொழில், இதே வயது, இதே கேட்டு அமெரிக்காவிலும் இருந்தது. 1904-இல் அங்கே தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு தொடங்கப்பட்டது. 1908 முதல் அந்தக் குழுவுக்காக லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரோலினா மாநிலங்களின் நூற்பாலைகளுக்குப் போனார். உள்ளே விட்டபோது உள்ளே, விடாதபோது வாசலில், ஷிப்டு முடியும் நேரம் வரை காத்திருந்து டாஃபர் பையன்களையும் இழை ஒட்டும் சிறுமிகளையும் படமெடுத்தார். தன் கோட்டின் பொத்தான்களை அளவாக வைத்துப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். பெயர், வயது, எத்தனை மாதமாக வேலை என்பதைச் சட்டைப் பைக்குள் மறைத்து வைத்த தாளில் எழுதினார். அழுகையைத் தூண்டும் படங்களை மட்டும் எடுத்திருந்தால் நாலு பேர் பரிதாபப்பட்டு மறந்திருப்பார்கள். அவர் அளந்தார், தேதியிட்டார். மறுக்க முடியாத சாட்சியமாக்கினார். அப்படியிருந்தும் அங்கே குழந்தை உழைப்புக்கு நாடு முழுமைக்குமான உறுதியான சட்டத் தடை 1938-இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகள் பிடித்தன. கொங்கு நாட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் சோர்ந்து போகும்போதெல்லாம் இந்த முப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

*

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மில்லுக்குப் போன பெண்களில் சிலர், வீட்டில் இருந்ததைவிட அங்கே நன்றாக இருந்தேன் என்று சொல்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பிட்டேன், தோழிகள் கிடைத்தார்கள், பதினாறு வயதில் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பதிலிருந்து தப்பித்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பதினெட்டுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் என்று 2019–21-இன் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. மில் கேட்டைச் சாத்திவிட்டு அவளைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று நினைப்பது அரைகுறை வேலை. திருப்பி அனுப்பப்படும் இடத்தில் அவளுக்காக ஒரு பள்ளி, ஒரு விடுதி, கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும்.

இதைத் தமிழ்நாடு தன் சொந்த வரலாற்றிலேயே கற்றுக்கொண்டது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம், ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது. அதைப் பெற அவள் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கல்யாணம் என்ற வாசலைக் காட்டித்தான் பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்க முடியும் என்ற நிலை அன்று. 2022 செப்டம்பர் 5 அன்று அதே திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால், படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கப்பட்டது.

சுமங்கலித் திட்டத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது அவளுடைய கூலியைப் பிடித்து வைத்து, கணவனிடம் போகும் நாளில் மொத்தமாகத் தந்தது. பின்னது அவள் படிக்கிற நாளிலேயே மாதாமாதம் தருகிறது. முன்னதில் அவளுடைய பதின்பருவம் ஒரு கல்யாணத்துக்கான முதலீடு. பின்னதில் அது அவளுடையது. ஒரு திட்டத்தின் நோக்கம் அதில் பணம் எந்த நாளில், யார் கைக்குப் போகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

இந்த மாற்றமும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்ததால், தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ‘ஸ்கீம் புள்ள’யாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சுமங்கலி என்ற பெயரை மில்களும் கைவிட்டுவிட்டன. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். மகிழ வேண்டிய செய்தி. ஆனால் ஹாஸ்டல்கள் காலியாகவில்லை. இப்போது அங்கே ஒடியாவும் இந்தியும் சந்தாலியும் அஸ்ஸாமியும் பேசுகிறார்கள். இந்தப் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் கிடையாது. பொங்கலுக்கு ஊர் போனால் பேசலாம் என்று காத்திருக்கும் ஆய்வாளருக்கும் அவர்கள் ஊர் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆதார் அட்டையில் எழுதியிருப்பதே வயது. முறையிட வேண்டுமென்றால் எந்த மொழியில் முறையிடுவது? நம் பிள்ளைகள் வெளியேறிய அதே இடைவெளிக்குள் வேறொருவர் வீட்டுப் பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

உலக அளவிலும் நிலைமை இதுவே. 2025-க்குள் எல்லா வடிவக் குழந்தை உழைப்பையும் ஒழிப்போம் என்று ஐ.நா. நாடுகள் வாக்குக் கொடுத்திருந்தன. அந்த ஆண்டு ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், உழைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் இன்னும் 13.8 கோடி. 2020-இல் 16 கோடி. குறைகிறது, ஆனால் வாக்குக் காப்பாற்றப்படவில்லை.

*

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தைப் பதினெட்டு வரை நீட்ட வேண்டும். அது ஒன்றே இந்த நான்கு ஆண்டுகளுக்கு ஒரு பொறுப்பாளரை உருவாக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது என்றால், அதை உரிமையாக எழுதித் தருவதில் தயங்கக் காரணமில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் மில்லுக்குள் போகும்போது, ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களின் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்குத் தன் போனைத் தானே வைத்துக்கொள்ளவும், தனியாக வெளியே போகவும், சங்கத்தில் சேரவும் தடை இருக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல்லில், பெண்களே நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடு, பாலியல் தொந்தரவுக்கும் பாகுபாட்டுக்கும் எதிராகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறது. தொழிலாளிகள் வாய் திறக்க முடிந்த இடத்தில் கண்காணிப்பு உள்ளேயே பிறந்துவிடுகிறது.

மில்லோடு இது முடிவதில்லை. கோவையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் கோழிப் பண்ணைகளிலும் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பருவம் இங்கே, மறு பருவம் வேறெங்கோ. பெற்றோர் கல் அறுக்கும்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பிள்ளையை எந்த ஆய்வாளரும் தொழிலாளி என்று எழுதமாட்டார். பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருக்காது.

எண்ணுவதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சி வார்டிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிராமத்தில் ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். பல ஊர்களில் அது காகிதத்தில் மட்டும் கூடுகிறது. மதுக்கரை 2021-இல் நகராட்சியானது. சுற்றியுள்ள மலுமிச்சம்பட்டி, பிச்சனூர் போன்றவை ஊராட்சிகள். அங்கே வசிக்கும் நண்பர்களுக்கும், கொங்கு நாட்டின் வேறெந்த ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே 1 அன்று கிராம சபை கூடும். எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் ஊர் எல்லைக்குள், மில் ஹாஸ்டலும் சூளையும் குவாரியும் உட்பட, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் பள்ளிக்குப் போகாதவர்கள் யார் யார்? பதில் இல்லை என்றால், பட்டியல் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, அது பதிவேட்டில் ஏறும் வரை உட்காராதீர்கள். அதுவரை, கண்ணில் ஒரு பிள்ளையின் துயரம் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.